பொழுது சாயாத குட்டிகள்

டவுனுக்குப் போற தார் ரோட்டுல வேலாங்காட்டுப்புதூர் தாண்டினா, கெழக்குக் கையில கிளுவை வேலி போட்ட மேய்ச்சக்காடு ஒண்ணு வரும், அதுல புல்லும் வேலமரமும் தவிர ஒண்ணும் வெளையாது, நடுவுல ஓடு வேஞ்ச சாளை ஒண்ணு, சாளைக்கு முன்னால ஆட்டுப்பட்டி ஒண்ணு, பட்டிக்கு மேக்குப் பாத்த மூங்கப் படல் ஒண்ணு, படலுக்கு அக்கட்ட மறுபடியும் அதே ரோடு, அவ்வளவுதான், அந்த எடம் வந்தா பஸ்ஸுல போறவங்க செல்போனைத்தான் பாப்பாங்க, வேற பாக்கறதுக்கு என்ன இருக்குது? அங்கதான் பாவாத்தாங்கற பொம்பளை செம்மறியாட்டை வெச்சுக்கிட்டுத் தனியாக் கெடந்தா.

நாப்பதைத் தாண்டினவ, கொழந்த குட்டி இல்ல. புருசன் சென்னியப்பன் போர்வெல் வண்டிக்கு வேலைக்குப் போனவன், பாறையைத் தொளைக்கிற அந்த லாரியோட வடக்க சத்தீஸ்கர் அக்கட்டப் போனான், மொதல்ல தைக்கும் ஆடிக்கும் வந்தான், அப்பறம் வருசத்துக்கொருக்கா வந்தான், அப்பறம் போன்ல வந்தான், அப்பறம் போனும் வரல. ஊர்ச் சனம் அவளைப் பாத்தா ஒரே ஒரு கேள்விதான் கேக்கும், ரேசன் கடையில கேக்கும், மாரியம்மங் கோயில்ல கேக்கும், பஸ்ஸை நிறுத்தாமலே சன்னல் வழியாக் கேக்கும், "ஏம் பாவாத்தா, சென்னியப்பன் எப்ப வர்றான்?" அவளும் "நோம்பிக்கு வர்றாருங்க"ம்பா, எந்த நோம்பிக்குன்னு அவளும் சொன்னதில்ல, அவங்களும் கேட்டதில்ல. அந்தக் கேள்வி இல்லாட்டி அவகிட்டப் பேசறதுக்கு ஊருக்கு வேற பேச்சே இல்ல, அது அவளுக்கு நல்லாத் தெரியும், அதனால அந்தக் கேள்வியை அவ பத்தரமா வெச்சிருந்தா.

கார்த்திகையில ஆடுகெல்லாம் ஒரே வாரத்துல குட்டி போட்டுச்சுக. எளங்குட்டிகளைக் காட்டுக்கு ஓட்ட முடியாதுங்களே, அதனால காத்தால தாயாடுகளை மட்டும் மேய்ச்சலுக்கு முடுக்குவா, குட்டிகளைப் பட்டியில விட்டுப் படலைச் சாத்தறப்ப "போயிட்டு வர்றோஞ் சாமிகளா"ன்னு சொல்லீட்டுப் போவா, பேசறதுக்கு வேற ஆளு யாரு இருக்கறாங்க அவளுக்கு? பொழுதோட ஆடுக திரும்பும், மடி வீங்கிப் போயி கத்திக்கிட்டே வரும், குட்டிக துள்ளிக்கிட்டு ஓடி முட்டி முட்டிக் குடிக்கும். பொறந்து நாலு நாள்ல அதுகளுக்கு ஒலகத்துல ஒரு கணக்குத் தெரிஞ்சு போச்சு, வர்றேன்னு சொல்லீட்டுப் போறவங்க பொழுதோட வருவாங்க, வந்தாத்தான் பொழுது சாயும், சாஞ்சாத்தான் பாலு.

அந்த வாரத்துலதான் சென்னியப்பன் வந்தான்.

மொத பஸ்ஸுல வந்து எறங்கினான். பொழுது கெளம்பி வேலமரத்து உசரத்துக்கு வந்திருந்துச்சு, குட்டிகளோட நெழலெல்லாம் மேக்கால படல் வரைக்கும் நீட்டிக் கெடந்துச்சு. பாவாத்தா ஆடுகளை வெளிய முடுக்கப் போனவ அப்படியே நின்னா. ஆளு கொஞ்சம் பெருத்திருந்தான், சட்டையைப் பேண்டுக்குள்ள சொருகியிருந்தான்.

"வாங்க"ன்னா. வேறென்ன சொல்லுவா?

"சவுரியமா?"

"இருக்கறனுங்க."

தண்ணி கொண்டாந்து குடுத்தா. நின்ன வாக்குலயே குடிச்சான், சொம்பைத் திருப்பிக் குடுக்கறப்ப அவ மூஞ்சியைப் பாக்கல.

"இங்க பாரு பாவாத்தா, எனக்குச் சுத்தி வளைச்சுப் பேசத் தெரியாது. அக்கட்ட எனக்கொரு குடும்பம் ஆயிப்போச்சு. பையன் ஒருத்தன் இருக்கறான். இனிமே நான் இங்க வர்றதுக்கில்ல. போன்ல சொல்ல மனசு வரல, நேர்ல சொல்லோணும்னுதான் வந்தேன்."

பாவாத்தா சொம்புல மிஞ்சின தண்ணியைக் கீழ ஊத்தினா. அப்பறம், "பையன் பேரென்னுங்க?"ன்னா.

அவன் சொன்னான், வடக்கத்திப் பேரு, அவ வாயில நொழையல. "நல்ல பேருங்க"ன்னா.

சென்னியப்பன் குனிஞ்சு காலுக்கிட்ட நின்ன குட்டி ஒண்ணைத் தூக்கினான், அதோட காதைத் தடவினான், எறக்கி விட்டான், ரோட்டுல டவுன் பஸ்ஸு ஹாரன் அடிச்சுச்சு, அவன் படலைத் தொறந்துக்கிட்டு வெளிய போயி, திரும்பிப் பாத்து, "சரி, போயிட்டு வர்றேன்"னான்.

"சரிங்க"ன்னா பாவாத்தா.

கேட்டீங்களா கூத்தை! இனிமே வர்றதுக்கில்லைன்னு சொல்றதுக்காகவே ரெண்டு ராத்திரி ரயில்ல உக்காந்து வந்தவன், வந்து அதைச் சொல்லியும் முடிச்சவன், கெளம்பறப்ப வர்றேன்னுட்டுப் போறான். அவனைத் திட்டி என்ன பண்றது? நம்ம சனத்துல எவன் வாசப்படி தாண்டறப்ப "போறேன்"னு சொல்லியிருக்கறான்? சண்டை போட்டு ஒறவு அறுந்து போறவங்கூட வர்றேன்னுட்டுத்தான் செருப்பை மாட்டறான். சொன்னவனுக்கும் அது வெறும் வாய்ப்பழக்கம், கேட்டவளுக்கும் வாய்ப்பழக்கம், ஆனா பொறந்து நாலு நாளான குட்டிகளுக்கு என்ன பழக்கம் இருக்குது? அதுக அவனை நம்பீருச்சுக.

அன்னைக்குப் பொழுதோட ஆடுக திரும்பி வந்தப்ப ஒரு குட்டியும் ஓடி வரல. எல்லாக் குட்டியும் படலைப் பாத்து நின்னுச்சுக, தாயாடுக கத்துது, மோந்து பாக்குது, மடியைக் கொண்டாந்து மூஞ்சியில இடிக்குது, ஒண்ணும் திரும்பல. பாவாத்தா ஒரு குட்டியைப் புடிச்சுக் காம்பை வாயில வெச்சா, அது மரியாதையா வாயை மூடிக்கிச்சு. அப்பத்தான் அவ தரையைப் பாத்தா. பொழுது மேக்க எறங்கீட்டு இருக்குது, படலோட நெழலு, வேலமரத்து நெழலு, ஆடுக நெழலு, அவ நெழலு எல்லாம் கெழக்க நீண்டு கெடக்குது, குட்டிகளோட நெழலு மட்டும் காத்தால எப்படிக் கெடந்துச்சோ அப்படியே மேக்க நீட்டிப் படலைத் தொட்டுக்கிட்டுக் கெடந்துச்சு. இருட்டினதுக்கப்பறமும் அது தெரிஞ்சுச்சான்னு கேக்காதீங்க, தெரிஞ்சுச்சு. அவன் சொன்னாப்புல இன்னும் வரல, அதனால அதுகளுக்கு இன்னும் பொழுது சாயல, அவ்வளவுதான் வெசயம். பாவாத்தாளுக்கும் அது அன்னைக்கே தெரியும். தெரிஞ்சாலும், என்னமோ சளி புடிச்சிருக்குதுன்னு மஞ்சளையும் மொளகையும் அரைச்சு அதுக நாக்குல தடவினா.

மஞ்சளுக்குக் கேக்கல. டவுன் மாட்டாஸ்பத்திரியில இருந்து டாக்டரம்மா ஸ்கூட்டர்ல வந்தாங்க, மெர்லின்னு பேரு, நாகர்கோயில் பக்கத்துக்காரங்க, கை சுத்தம், பேச்சும் சுத்தம். குட்டிகளோட வயித்தை அமுக்கிப் பாத்தாங்க, கண்ணு எமையைப் பெரட்டிப் பாத்தாங்க, காய்ச்சல் பாத்தாங்க, கடைசியில நெழலு மேல கையை வெச்சுப் பாத்தாங்க.

"துள்ளுமாரி நோய் இல்லை. வயித்துப்போக்கும் இல்லை. நெழல் மட்டும் குளுகுளுன்னு காலையில இருக்கிற மாதிரியே இருக்கு"ன்னாங்க. அவங்களும் அதைப் பெரிய ஆச்சரியமாச் சொல்லல, காய்ச்சல் எத்தனை டிகிரின்னு சொல்ற மாதிரிதான் சொன்னாங்க. "பாவாத்தாம்மா, இது எப்ப ஆரம்பிச்சுச்சு? அன்னைக்கு வெளியாள் யாராவது பட்டிக்கிட்ட வந்தாங்களா? செருப்புல, துணியில, எதுல வேணாலும் நோய் ஏறி வரும், அதனாலதான் கேக்கேன்."

பாவாத்தா மனசுக்குள்ள கணக்குப் போட்டா. வந்தாருன்னு சொன்னா யாருன்னு கேப்பாங்க, யாருன்னு சொன்னா என்ன சொன்னாருன்னு கேப்பாங்க, டாக்டரம்மாளுக்குத் தெரிஞ்சது பொழுதுக்குள்ள டீக்கடைக்குத் தெரியும், அப்பறம் ஊர்ல ஒருத்தரும் சென்னியப்பன் எப்ப வர்றான்னு கேக்க மாட்டாங்க, ஒருத்தரும் ஒண்ணுமே கேக்க மாட்டாங்க, ரேசன் கடையில அவளுக்கு வழி விட்டு ஒதுங்கி நிப்பாங்க.

"யாரும் வரலீங்க"ன்னா.

டாக்டரம்மா குழாய் வெச்சு வயித்துக்குள்ள பாலு விடறதுக்குச் சொல்லிக் குடுத்தாங்க, சத்து ஊசி போட்டாங்க, ரத்தம் எடுத்துக்கிட்டுப் போனாங்க. குழாய்ப் பாலுல குட்டிக உசுரோட நின்னுச்சுக, ஆனா வளரல. ஒரு வெரக்கடைகூட வளரல. தூக்கினா ஒவ்வொரு நாளைக்கு ஒவ்வொரு சுத்து எடை கொறைஞ்சாப்புல இருந்துச்சு.

சேதி தெரிஞ்சு ஊர்ச் சனம் வந்துச்சு. காத்தாடி மில்லுக்காரன் றெக்கையைச் சுத்தி வெயிலைக் கலைச்சு விட்டுட்டான்னு ஒரு கட்சி, செல்போன் டவருன்னு ஒரு கட்சி, ரெண்டு கட்சியும் படலோரமா நின்னு சத்தம் போட்டுட்டு, அப்பறம் வெயிலு தாங்காமக் குட்டிக நெழலுல காலை வெச்சுப் பாத்துச்சு, அட, உச்சிப்பொழுதுக்கும் அதுல மார்கழி வெடியாலச் சில்லுப்பு. அவ்வளவுதான், கட்சி கலைஞ்சு போச்சு. மறுநாளே பூக்கார வள்ளி மல்லிகைக் கூடையைக் கொண்டாந்து ஒரு குட்டியோட நெழலுல வெச்சா, சாயங்காலம் வரைக்கும் மொட்டு விரியல. டீக்கடைக்காரன் பால் கேனைக் கொண்டாந்து வெச்சான், திரியல. மாவாட்டின பொம்பளைக மாவுச் சட்டியைக் கொண்டாந்து வெச்சாங்க, புளிக்கல. "கரண்டு போனாலும் கவலையில்லை பாத்துக்க"ன்னு சொல்லிக்கிட்டாங்க. நம்ம சனத்துக்கு எதைக் கண்டாலும் நாலு நாளைக்குத்தான் அதிசயம், அஞ்சாம் நாளு சட்டி பானையைக் கொண்டாந்து வெச்சுருவாங்க.

அப்பறந்தான் கொழந்தாயி வந்தா. அடுத்த தோட்டத்துக்காரி, பாவாத்தாளுக்கு மூத்தவ, வாய்க்காரி. அவ பையன் துபாய்க்குப் போயி கம்பெனியில வேலை பாக்கறான், பாக்கறானாம், போன் வந்து ரெம்ப நாளாச்சு. கொழந்தாயி சட்டி எதுவும் கொண்டாரல. பட்டிக்குள்ள வந்து, வெள்ளைக் காலு வெச்ச ஒரு குட்டிக்குப் பக்கத்துல உக்காந்து, அது பாக்கற தெசையிலயே தானும் பாத்துக்கிட்டு இருந்தா. பொழுதோட எந்திரிச்சுப் போனவ மறுநாள் காத்தால ஓடி வந்தா.

"பாவாத்தா, ரெண்டு வருசத்துக்கப்பறம் நேத்துத்தாம் புள்ள தூங்கினேன். படுத்ததுதான் தெரியும். மனசுக்குள்ள ஒண்ணுமே இல்ல. இந்தக் குட்டி எனக்குப் பதுலா எம்பையன் வர்றதைப் பாத்துக்கிட்டு நிக்குதுன்னு தோணுச்சு, தூங்கீட்டேன்."

அவ சொல்லி முடிச்ச கையோட ஊரே வந்துச்சு. ஊர்ல யாருக்குத்தான் போனவங்க இல்ல? காலேஜுக்குப் போயி அங்கயே கண்ணாலம் பண்ணிக்கிட்ட மகளைப் பெத்தவங்க வந்தாங்க, திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போன தங்கச்சியைப் பாத்துக் கெடக்கற அண்ணங்காரன் வந்தான், கோவிச்சுக்கிட்டுப் போன மருமகளுக்கு மாமியாளே வந்தா. ஆளுக்கொரு குட்டியைச் சொல்லி வெச்சுக்கிட்டாங்க, கழுத்துல மஞ்சக் கயிறு கட்டினாங்க, "எங்களுது அந்தக் காது மடங்கினது", "எங்களுது மூக்குல மச்சம் இருக்கறது"ன்னு பேசிக்கிட்டாங்க. காத்திருக்கற வேலையைக் குட்டிக தலையில எறக்கி வெச்சுட்டு ஊரு லேசாப் போச்சு. ராத்திரி எட்டு மணிக்கெல்லாம் வெளக்கணைச்சாங்க, போன் சார்ஜ் போட மறந்தாங்க, சோத்தை ருசி பாத்துத் தின்னாங்க, கொழந்தாயி ரெண்டு சுத்துப் பெருத்தே போனா. பாவாத்தா பட்டியில எந்நேரமும் சனம், எந்நேரமும் சிரிப்பு, ஆனா அந்தச் சனத்துக்கு நடுவுல அவ முன்னைக்கு இப்பத்தான் அதிகமாத் தனியா இருந்தா. அவளுக்குன்னு ஒரு குட்டியைச் சொல்லி வெக்க அவளால முடியல. ஒருத்தரு வர மாட்டாருன்னு தெரிஞ்சதுக்கப்பறம் எந்தக் குட்டியைக் காட்டி நில்லுன்னு சொல்லுவா?

தையும் பொறந்துச்சு. தாயாடுகளுக்கு மடி கல்லாட்டம் இறுகிப் போயி, நடக்கறப்பவே பாலு மண்ணுல சொட்டுச்சு. அப்பறம் ஒரு மத்தியானம், அந்த வெள்ளைக் காலுக் குட்டி, கொழந்தாயி குட்டி, நின்னது நின்னபடியே காலை மடக்கிச் செத்துப் போச்சு. தூக்கினா ஒரு கைத்துண்டு எடைதான் இருந்துச்சு. வேப்பமரத்தடியில குழி தோண்டிப் பொதைச்சுட்டு பாவாத்தா திரும்பி வந்து பாத்தா, பட்டியில அதோட நெழலு எடுபடாமக் கெடக்குது. நாலு காலு, ரெண்டு காது, மேக்க நீட்டின கழுத்து, எல்லாம் அப்படியே. சாணி போட்டு மெழுகினா, மெழுகின மேல வந்து படுத்துக்கிச்சு. பெத்த ஆடு வந்து அந்த நெழலை நக்கிக்கிட்டு நின்னுச்சு. தப்பு என்ர மேலதான், நான்தான் இதைக் கொன்னேன்னு பாவாத்தா வாய் விட்டே சொன்னா, கேக்கறதுக்கு ஆடு மட்டுந்தான் இருந்துச்சு.

ஊரு என்ன பண்ணுச்சுங்கறீங்க? கொழந்தாயி வந்தா, அழுதா, அப்பறம் நெழலைச் சுத்திக் கோலமாவுல ஒரு கோடு போட்டா, யாரும் மிதிச்சுராதீங்கன்னு சொன்னா, அதுக்கப்பறம் அந்த நெழலுக்குப் பக்கத்துல உக்காந்துக்கிட்டா. "குட்டி போனா என்ன, நெழலு நிக்குதுல்ல"ன்னா. அடுத்து ரெண்டாவது குட்டி போச்சு, மூணாவது போச்சு, ஊரு கோடு போட்டுக்கிட்டே வந்துச்சு.

டாக்டரம்மா மறுபடி வந்த அன்னைக்குச் சாயங்காலம் பட்டியைச் சுத்தி ஊரே நின்னுக்கிட்டு இருந்துச்சு, நெழலுகளுக்கு மேல பந்தல் போடப் பந்தக்கால் ஊனறதா வேண்டாமான்னு பேச்சு நடந்துச்சு. டாக்டரம்மா ஒவ்வொரு குட்டியாத் தூக்கிப் பாத்தாங்க. அவங்க கண்ணு கலங்கீருச்சு.

"இனி இதுங்க தாங்காது. ரெண்டு நாளோ மூணு நாளோ. ரத்தத்துல ஒண்ணுமில்லை, சாணத்துல ஒண்ணுமில்லை, நான் என்னத்தச் செய்ய? பாவாத்தாம்மா, கடைசியா ஒரு தடவை கேக்கேன். நோய் எந்த வழியா வந்துச்சுன்னு தெரிஞ்சாத்தான் அதே வழியாத் திருப்பி அனுப்ப முடியும். அன்னைக்கு யாருமே வரலையா?"

பாவாத்தா கூட்டத்தைப் பாத்தா. எல்லாம் தெரிஞ்ச மூஞ்சி, எல்லாம் அந்தக் கேள்வியைக் கேட்ட மூஞ்சி. அப்பறம் மடியில பாலு சொட்டச் சொட்ட நிக்கற ஆட்டைப் பாத்தா.

"வந்தாருங்க"ன்னா.

"யாரு?"

"எங்கூட்டுக்காரருங்க."

"சென்னியப்பனா? எப்பப் புள்ள வந்தான்?"ன்னு கொழந்தாயி எந்திரிச்சுட்டா.

"இதுக பொறந்த வாரத்துல வந்தாருங்கக்கா. அக்கட்டக் கண்ணாலம் பண்ணிக்கிட்டாராம். பையன் இருக்கறானாம். இனிமே வர்றதுக்கில்லைன்னு சொன்னாரு. சொல்லீட்டு, போறப்ப வர்றேன்னுட்டுப் போயிட்டாருங்க. இதுக அதைப் புடிச்சுக்கிச்சுக."

டாக்டரம்மா ஸ்டெதஸ்கோப்பைச் சுருட்டிப் பைக்குள்ள வெச்சாங்க. "அப்ப இதுக்கு ஊசியில மருந்தில்லை. இதுங்க கிட்ட நீங்கதான் சொல்லணும்"ன்னாங்க.

"வேண்டாம் பாவாத்தா!" கொழந்தாயி வந்து அவ கையைப் புடிச்சுக்கிட்டா. "அந்தப் பேச்சை எடுக்காத. எம்பையனுக்கும் சேத்துத்தான் இதுக நிக்குதுக. நீ சொன்னீன்னா எல்லாஞ் சேந்து போயிரும். கண்ணு, உன்ர காலைப் புடிச்சுக்கறேன்."

"உங்க பையனைப் பத்தி நான் ஒண்ணுஞ் சொல்ல மாட்டனுங்கக்கா. என்ர ஆளைப் பத்தி மட்டுந்தான் சொல்லுவேன். உசுருங்கக்கா இதுக."

கையை மெதுவா விடுவிச்சுக்கிட்டுப் பட்டிக்குள்ள போனா. குட்டிகளுக்கு முன்னால குத்த வெச்சு உக்காந்து, "அவரு வர மாட்டாருடா சாமிகளா, சும்மா சொல்லீட்டுப் போயிட்டாரு"ன்னா. குட்டிக அவ தோளுக்கு மேல ரோட்டைப் பாத்துச்சுக. இன்னொருக்காச் சொன்னா, அழுதுக்கிட்டே சொன்னா, கேக்கல. ஏன் கேக்கும்? சொன்னவன் ஒருத்தன், மாத்திச் சொல்றவ இன்னொருத்தியா?

அவ எந்திரிச்சா. படலைத் தொறந்துக்கிட்டு வெளிய போனா. அவன் நின்ன எடத்துல நின்னா, அவன் திரும்பின மாதிரியே திரும்பிப் பாத்து, அவனுக்குப் பதுலா, அந்த ஊர்ல பொறந்த எந்த வாயும் வாசல்ல நின்னு சொல்லாத வார்த்தையை, கூட்டத்துல இருந்த பொம்பளைக காதைப் பொத்திக்கிட்ட வார்த்தையை, சத்தமாச் சொன்னா.

"நான் போறேன்."

மூச்சு விடற நேரம் ஒண்ணும் நடக்கல. அப்பறம் மடங்கின காதுக் குட்டியோட நெழலு படலை விட்டு நகந்துச்சு, அதைப் பாத்து அடுத்தது நகந்துச்சு, அப்பறம் எல்லாம் ஒண்ணாக் கெளம்பி, வடக்கால சுத்தி, நின்னவங்க காலையெல்லாம் சில்லுன்னு தொட்டுக்கிட்டுப் போயி, கெழக்க விழுந்து நீண்டுச்சு. டீக்கடைக்காரனோட கேன்ல பாலு அந்த நிமிசமே திரிஞ்சுச்சு, வள்ளியோட கூடையில மொட்டெல்லாம் ஒண்ணா வெடிச்சு வாசம் கெளம்புச்சு. குட்டிக திரும்பிப் பாத்துச்சுக, பொழுது சாஞ்சுருச்சுன்னு கண்டுக்கிச்சுக, கத்திக்கிட்டு ஓடித் தாய் மடியை இடிச்சுச்சுக. இத்தனை நாளுப் பசி, அதுக குடிச்ச சத்தம் ரோட்டுக்குக் கேட்டுச்சு.

டாக்டரம்மா சிரிச்சாங்க, அவங்க ஒருத்தங்கதான் சிரிச்சாங்க. சனத்துக்கு இப்பத்தான் அவங்கவங்க பாரம் அவங்கவங்க நெஞ்சுக்குள்ள திரும்பி வந்து எறங்கீட்டு இருந்துச்சு. ஒரு ஆளு பாக்கெட்டுல இருந்து போனை எடுத்துப் பாத்தான், சார்ஜ் இல்ல. மருமகளுக்காக வந்த மாமியா முந்தானையை வாயில வெச்சுக்கிட்டா. சட்டியை எடுத்துக்கிட்டு, கூடையை எடுத்துக்கிட்டு, கேனைக் கவுத்திக்கிட்டு ஒவ்வொருத்தராப் படலைத் தாண்டினாங்க. பாவாத்தா படலோரமா நின்னு ஒவ்வொருத்தரு மூஞ்சியாப் பாத்தா. ஒருத்தருகூட வர்றேன்னு சொல்லல. எழவு வீட்டுல இருந்து எந்திரிச்சுப் போறவங்க எப்படிச் சொல்லிக்காமப் போவாங்களோ, அப்படித் தலையைக் குனிஞ்சுக்கிட்டு ஊரே அவளைத் தாண்டிப் போச்சு. மொதல்ல அவளுக்குக் கோவமாப் போறாங்கன்னுதான் தோணுச்சு.

சாளைக்குள்ள வந்து சும்மா உக்காந்தா. அடுப்புக்கிட்டப் போகல. வெளிய குட்டிக குடிச்சு முடிச்சுத் தாய் வயித்துல சாஞ்சு படுத்துருச்சுக. இன்னும் வெளிச்சம் மிச்சமிருந்துச்சு, கோடு போட்ட எடத்துல செத்துப் போன குட்டிகளோட நெழலு மட்டும் மேக்க நீட்டினபடி அப்படியே கெடந்துச்சு, அதுக கிட்டச் சொன்னாக் கேக்கறதுக்கு இனிமே காதில்ல.

கொழந்தாயி திரும்பி வந்தா. கையில ஒரு தூக்குப்போசி. வெள்ளைக் காலுக் குட்டியோட நெழலுக்கிட்டச் சித்தெ நின்னா, அதைக் குனிஞ்சு ஒருக்காத் தடவினா, அப்பறம் சாளைக்குள்ள வந்து போசியை எறக்கி வெச்சா. அவ கண்ணு வீங்கியிருந்துச்சு.

"இன்னைக்கு அடுப்புப் பத்த வெக்காத"ன்னா. "மூணு நாளைக்கு எங்கூட்டுல இருந்து சோறு வரும். அப்பறம் தலைக்குத் தண்ணி வாத்துக்க."

பாவாத்தா அவளை நிமிந்து பாத்தா. சென்னியப்பன் சாகலீங்களே அக்கான்னு சொல்ல வாயெடுத்தா, சொல்லல.

தட்டுல சோத்தைப் போட்டு ரசத்தை ஊத்தி அவ முன்னால தள்ளி வெச்சுட்டு, ரெண்டு வாய் அவ எடுத்து வெக்கற வரைக்கும் கொழந்தாயி நின்னா. அப்பறம் முந்தானையை ஒதறிச் சொருகிக்கிட்டு, எதுவும் சொல்லிக்காம, மொறைப்படி, திரும்பிப் பாக்காம நடந்து படலைத் தாண்டிப் போனா.

பாவாத்தாளுக்கு அப்பத்தான் அழுகை வந்துச்சு.